வருமானச் சான்று கட்டாயம்

உங்களுக்கு மூன்று நாள் பயிற்சி முடிந்துவிட்டது என்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. மடியில் நோட்டு, பேனா, மையத்தின் பெயர் அச்சடித்த துணிப்பை. ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்ய என்னென்ன வேண்டுமோ எல்லாம் உங்களிடம் இருக்கிறது. ஏழைகள்தான் இன்னும் வரவில்லை. வருவார்கள். வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நான் கிளம்புகிறேன். திருப்பி அனுப்பியவன் என்ற முறையில் எனக்கு அதில் அனுபவம் உண்டு.

நான் வக்கீல் இல்லை. கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட லயத்தில், அதாவது எஸ்டேட்காரர்கள் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீட்டில், பிறந்தவன். டைப்பிங் படித்து இந்த மையத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். சேர்ந்த நாற்காலியிலேயே ரிட்டயரும் ஆனேன். அப்போது மையம் என்பது ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். எங்கள் கேஸ் கட்டுகள் எல்லாம் பாயசம் மாதிரி மணக்கும். கோர்ட்டிலிருந்தோ ஆபீசிலிருந்தோ மலையாளத்தில் வரும் காகிதங்களைத் தமிழ்த் தொழிலாளிகளுக்கு வாசித்துச் சொல்வது, மனு எழுதித் தருவது, வக்கீல் வேண்டுமென்றால் இலவச சட்ட உதவிப் பட்டியலில் உள்ள ஒருவரைக் கூப்பிட்டுவிடுவது, இதுதான் என் வேலை.

அந்தப் பழைய ஏற்பாடு பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் இருந்த வக்கீல்களில் பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள். எடுத்தவர்களில் பாதிப் பேர் வாய்தா வாங்குவதற்கென்றே பிறவி எடுத்தவர்கள். ஒருவர், கட்சிக்காரரின் பெயரைக் கடைசி வரைக்கும் தவறாகவே சொல்லி, ஜெயித்தும் கொடுத்தார். ஆனாலும் அங்கே ஒரு மனுஷன் இருந்தான், திட்டுவதற்காவது.

பிறகு சீர்திருத்தம் வந்தது.

பழைய பட்டியல் கலைக்கப்பட்டது. முழுநேரச் சம்பளத்தில் சில வக்கீல்கள், அவர்கள் மாவட்டத் தலைநகரத்தில் இருப்பார்கள். விண்ணப்பமெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். எங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்கள் அரசிடம் அங்கீகாரம் வாங்கிக்கொண்டால், விண்ணப்பங்களைப் பதிவு செய்து அனுப்பும் உதவி மையமாக இருக்கலாம். சீர்திருத்தத்தில் நல்லது இல்லாமல் இல்லை. போனை எடுக்காத வக்கீல்கள் போனார்கள். அவர்களோடு எடுத்தவர்களும் போனார்கள் என்பதுதான் சங்கடம்.

சீர்திருத்தத்தை நாங்கள் எப்படி எதிர்கொண்டோம் என்று கேட்டால், முதலில் ஒரு ரிசார்ட்டில் எதிர்கொண்டோம். எங்கள் டைரக்டருக்குக் கலந்தாய்வு என்றால் உயிர். நல்ல மனுஷன், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவர் இல்லை. ஆனால் ஒரு பிரச்சினையைப் பார்த்தால் அவருக்கு முதலில் தோன்றுவது அதைத் தீர்க்க வேண்டும் என்பதல்ல, அதைப் பற்றி எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்பதுதான். ஏரியைப் பார்த்த ஹாலில் பல ஊர்த் தொண்டு நிறுவனங்கள் கூடின. பயனாளிகள் என்று சொல்லி மூன்று தோட்டத் தொழிலாளிப் பெண்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தோம். இரண்டு நாள் முழுக்க இங்கிலீஷ். இரண்டாம் நாள் மத்தியானம் அதில் ஒரு அம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் கேட்டது ஒரே கேள்விதான்:

"இது வந்தா எங்களுக்கு வக்கீலு வருவாரா, வரமாட்டாரா?"

ஹால் கைதட்டியது. கலந்தாய்வை நடத்திய ஒரு பெண் அதைக் கேட்டு, மஞ்சள் அட்டையில் 'அணுகல் சார்ந்த கவலைகள்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். அத்தோடு அந்தக் கேள்விக்கு முக்தி கிடைத்தது.

கலந்தாய்வு முடிந்து அறிக்கை வந்தது. அறிக்கைக்குப் பிறகு பேனர். பேனருக்குப் பிறகு, நம் கதைக்கு வேண்டிய படிவம். அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரிகள் சோதிக்க வரும்போது நம் மையம் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லி, டைரக்டர் ஒரு ஆலோசகரைப் பிடித்து இங்கிலீஷில் ஒரு விண்ணப்பப் படிவம் செய்தார். அரசாங்கம் கேட்டது ஒரு பக்கம். நாங்கள் கேட்டது ஆறு பக்கம், நாற்பத்தோரு கேள்விகள். "கவர்ன்மென்ட் கேக்கறதுக்கு முன்னாலயே நாம ரெடி, சவரி" என்றார் என்னிடம். ராஜா 'குனி' என்று சொல்லுமுன் தரையில் படுத்துக்கொள்கிறவனுக்குத் தொண்டு நிறுவன உலகில் 'முன்னோடி' என்று பெயர்.

அதைத் தமிழில் எழுதியது நான்தான்.

எழுதிவிட்டுப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது கேள்வி 'வருமானச் சான்று இணைக்கப்பட்டுள்ளதா? (பொருந்துமானால்)' என்று இருந்தது. அந்த 'பொருந்துமானால்' கட்டத்துக்கு வெளியே பிதுங்கி அடுத்த வரிக்குப் போய், பக்கம் முழுவதையும் கீழே தள்ளியது. ஆறு பக்கம் ஏழு ஆகிவிட்டது. இருபது நிமிஷம் மல்லுக்கட்டினேன். எழுத்தைச் சின்னதாக்கினேன், கட்டத்தை இழுத்தேன். கடைசியில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, கேள்வி பளிச்சென்று இருக்கட்டும் என்று 'வருமானச் சான்று கட்டாயம்' என்று போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அழகாக இருக்கிறது என்று டைரக்டர் பாராட்டினார். நானும் நினைத்துக்கொண்டேன், அழகாகத்தான் இருக்கிறது என்று.

இரண்டு வாரம் கழித்து மரியபுஷ்பம் வந்தாள்.

ஐம்பது வயதுக்குப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிறவள். காய் எடுத்து எடுத்து விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. கணவர் அதே தோட்டத்தில் காவல்காரராக இருந்து இறந்துபோனார். தோட்டம் கைமாறியது. புது முதலாளிக்கு ஏலக்காயைவிட டூரிஸ்டுகள் மேல் பிரியம். பழைய லயங்களை இடிக்காமல் வெள்ளையடித்து, 'தொழிலாளர் வாழ்க்கை அனுபவம்' என்று வாடகைக்கு விடும் திட்டம். தொழிலாளர் வாழ்க்கையை அனுபவிக்க ஒரே தடையாக இருந்தது, உள்ளே வாழ்ந்துகொண்டிருந்த தொழிலாளிகள். அதிலும் முதல் வீடு மரியபுஷ்பத்தின் வீடு. வீடு கணவருக்குக் கொடுத்தது, அவர் இல்லை, ஆகவே காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்தார் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார்கள். அந்த சம்மனை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குனு பாருங்க. தபால்காரரு 'கோர்ட்டு'னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு."

பழைய சவரிமுத்துவாக இருந்திருந்தால் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் பிரித்திருப்பான். நான் புது சவரிமுத்து. படிவத்தை எடுத்தேன். பேர், அப்பா பேர், மதம், எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனாய், வீட்டில் கழிப்பறை உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, பன்னிரண்டில் நின்றேன்.

"வருமானச் சான்று இருக்கா?"

"அப்படின்னா?"

"உனக்கு வருஷத்துக்கு எவ்வளவு வருமானம்னு வில்லேஜ் ஆபீஸ்ல எழுதித் தர்ற காயிதம்."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கிறதுக்கு எதுக்குண்ணே காயிதம்?"

"கட்டாயம்மா. இல்லாம கம்ப்யூட்டர்ல ஏறாது" என்றேன்.

கம்ப்யூட்டரில் ஏறாது என்பது பொய். எனக்குத் தெரிந்து சொன்ன பொய் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது. நம் தொழிலில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம் கொல்லும். அவள் தலையை ஆட்டிவிட்டு, சம்மனை மறுபடி மடித்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. 'கோர்ட்டுக்கு எந்தத் தேதி போக வேண்டும்' என்பது எங்கள் படிவத்தில் முப்பத்தெட்டாவது கேள்வி.

பதினோரு நாள் கழித்து வந்தாள். முகத்தில் வெற்றிக் களை. கையில் வருமானச் சான்று.

"வாங்கிட்டேன்ணே! நாலு வாட்டி போனேன். கூலிய விட்டுட்டுப் போனேன்" என்றாள். மிச்சக் காகிதங்களையும் மேஜைமேல் அடுக்கினாள். நானும் உற்சாகமாக உட்கார்ந்தேன். பதின்மூன்று, பதினாலு என்று கேள்விகள் ஓடின. முப்பத்தெட்டு வந்தது. சம்மனை வாங்கிப் பிரித்தேன்.

தேதி, மறுநாள்.

விண்ணப்பத்தை இப்போதே அனுப்பினாலும் அது பரிசீலனைக்குப் போய், வக்கீல் ஒதுக்கி, அவர் காகிதம் படித்து வர வாரங்கள் ஆகும். மறுநாள் யாரும் நிற்காவிட்டால், அவள் வராமலே வழக்கு ஒருதலைப்பட்சமாகப் போய்விடும். இது தெரிவதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை.  பழைய பட்டியலில் போனை எடுக்கும் கட்சியைச் சேர்ந்த ஒரு வக்கீலம்மா உண்டு. மலையாளி, என்னைவிட இருபது வயது இளையவர். சீர்திருத்தத்தில் அவர் பேரும் போய்விட்டது. வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

"பட்டியல்ல இல்லாத ஆளக் கூப்பிடறீங்களே சவரியேட்டா, உங்க டைரக்டர் கோவிக்க மாட்டாரா?" என்றார். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

வந்தவர் படிவத்தைத் தொடவே இல்லை. மரியபுஷ்பத்தை எதிரே உட்கார வைத்து, அவள் கொண்டுவந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் நின்றார். மலையாளத்தில் அடித்த ஒரு தாளின் ஜெராக்ஸ். கீழே தமிழில் 'ம. புஷ்பம்' என்று கையெழுத்து.

"இது எந்தா? எப்போ போட்ட ஒப்பு?"

"அது எஸ்டேட் ஆபீஸ்ல போட்டது. வில்லேஜ் ஆபீஸ்ல, நான் அந்த லயத்துல குடியிருக்கேன்னு எஸ்டேட்டுல எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் சர்ட்டிபிகேட் தருவோம்னு சொல்லிட்டாக. மேனேஜர்ட்ட போனேன். மொதல்ல முடியாதுன்னாரு. ரெண்டாவது வாட்டி அழுதேன். சரி சேச்சி, லெட்டர் தாரேன், நீங்க இதுல ஒரு ஒப்பு இடுங்கனு இந்தக் காயிதத்த நீட்டினாரு. போட்டேன்."

வக்கீலம்மா தாளை எனக்கு நீட்டினார். வாசித்தேன். அந்த வீட்டில் தனக்கு எந்த உரிமையும் இல்லை, முதலாளியின் தயவில் இருந்து வருகிறேன், மூன்று மாதத்தில் காலி செய்து தருகிறேன் என்று மரியபுஷ்பம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அவளுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன்.  மேஜைமேல் இருந்த வருமானச் சான்றை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வக்கீலம்மாதான் கேட்டார். "எனக்கு ஒண்ணு மனசிலாகல. இவங்களுக்கு வருமானச் சான்று எதுக்கு? பெண்ணுக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமானமே நோக்க வேண்டாமே. சட்டத்துல அப்படியல்லே இருக்கு. ஆரு கேட்டது?"

படிவத்தைக் காட்டினேன். "இங்கிலீஷ் உண்டா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். படித்தார். தமிழை வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு நான் விவரிக்கப் போவதில்லை. உங்களில் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

மறுநாள் அவர் கோர்ட்டில் நின்று வக்காலத்துக் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் வாங்கிவிட்டார். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த வாய்தாவில் தோட்டத்தார் அந்தக் கையெழுத்துத் தாளின் அசலை நீட்டினார்கள். எதிராளியே ஒப்புக்கொண்டுவிட்டார், விசாரணை எதற்கு, இப்போதே தீர்ப்புக் கொடுங்கள் என்று மனு.

வக்கீலம்மா மையத்துக்கு வந்து டைரக்டரிடமும் என்னிடமும் சேர்த்துச் சொன்னார்: "ஏமாத்தி வாங்கின ஒப்புன்னு நான் சொல்லுவேன். அவங்க கேப்பாங்க, உன் வீட்டை எடுக்கப் பாக்கற மேனேஜர்கிட்ட நீயே எதுக்கு ரெண்டு தடவை தேடிப் போனேன்னு. அதுக்குப் பதில் உங்க படிவம். சவரியேட்டன் கோர்ட்டுல வந்து, வருமானச் சான்றை நான்தான் கேட்டேன், தப்பாக் கேட்டேன்னு எழுதிக் கொடுக்கணும்."

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத ஒரு மொழிபெயர்ப்பு இடைவெளின்னு சொல்லலாமே" என்றார்.

"கோர்ட்டுல இடைவெளியத் தூக்கிக் கூண்டுல நிறுத்த முடியாது சார்" என்றார் வக்கீலம்மா.

அவர் போன பிறகு டைரக்டர் கதவைச் சாத்தினார். அவரைக் கேலி செய்துகொண்டே வந்தேன். ஆனால் அன்று அவர் சொன்னது கேலிக்குரியது இல்லை. "அங்கீகாரத்துக்கு அடுத்த மாசம் ஆய்வு. சட்டம் தெரியாம ஜனங்களத் திருப்பி அனுப்பினோம்னு கோர்ட்டு ரெக்கார்டுல வந்துட்டா அங்கீகாரம் கெடைக்காது. அப்புறம் இந்த மலை முழுக்க ஒரு தமிழ்த் தொழிலாளி மனுவ ஏத்தறதுக்கு வேற எடமே இல்ல. ஒரு வீட்டுக்காக அத்தன பேரையும் விடணுமா? நீயே யோசிச்சுச் சொல்லு" என்றார்.

யோசித்தேன். இரண்டு நாள் அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. தனக்குச் சாதகமான நியாயம் எப்போதும் சீக்கிரம் புரிந்துவிடும். என் வேலைக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாம் நாள் மரியபுஷ்பத்தின் லயத்துக்குப் போனேன். வேறு வழி ஏதாவது சொல்லலாம், வேறு சாட்சி கிடைக்குமா என்று பார்க்கலாம் என்று சாக்கு. வேலை விட்டு வந்திருந்தார்கள். வாசலில் நாலைந்து பெண்கள். நான் வருவது தெரியாமல் ஒருத்தி அவளை ஏசிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்குனு கேக்காம ஒருத்தி கையெழுத்துப் போடுவாளா? ஒன்னால எங்க எல்லாத்து வீட்டுக்கும் இப்ப சூனியம்."

"ஆமா, நான் புத்தி கெட்டவதான்" என்றாள் மரியபுஷ்பம். வாதாடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"ஒங்களுக்கும் செரமந்தான்ணே என்னால. நீங்க காயிதம்தான் வாங்கிட்டு வரச் சொன்னீக. கையெழுத்து நான்தான போட்டேன்" என்றாள்.

என் தப்புக்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த ஸ்டூலில் என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே, அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி, "இல்ல புஷ்பம். அந்தக் காயிதம் ஒனக்குத் தேவையே இல்ல. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றேன்.

 அவளை ஏசியவள் இப்போது என்னைப் பார்த்தாள். புஷ்பம் மெதுவாகக் கேட்டாள், "தேவையே இல்லையா?"

"இல்ல."

"அப்ப நான் மேனேஜர்ட்ட போயி அழுதது?"

 அவள் உள்ளே போய்விட்டாள். அன்று ஒருத்தியும் எனக்குக் கட்டன் சாயா, அந்தப் பால் விடாத டீ, கொடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு லயத்திலிருந்து சாயா குடிக்காமல் இறங்கியது அன்றுதான்.

வக்கீலம்மா வீட்டுக்கு நேராகப் போய், என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் எழுதியதை வரி வரியாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அந்த அளவுக்காவது பாடம் ஏறியிருந்தது.

கோர்ட்டில் நீதிபதி இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழும் படிக்கத் தெரிந்தவர். நிமிர்ந்தார்.

"இது ஆரா எழுதியது?"

"ஞானா சார்" என்றேன், நான்தான் என்று மலையாளத்தில்.

இங்கிலீஷில் இருக்கிற வார்த்தை தமிழில் ஏன் இல்லை என்று கேட்டார். பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. ஆலோசகரைச் சொல்லலாம், கம்ப்யூட்டரைச் சொல்லலாம், சீர்திருத்தத்தையே சொல்லலாம். நாங்கள் எல்லாரும் அப்போது எல்லாவற்றுக்கும் சீர்திருத்தத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். மழைக்கு ரோடு பெயர்ந்தால்கூட.

"கட்டத்தில் இடம் இல்லை சார். ஏழாவது பக்கம் போய்விட்டது" என்றேன்.

பின்னால் வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. உங்கள் கட்டத்தில் இடம் இல்லாததால் இந்த அம்மாவுக்கு வீட்டில் இடம் இல்லாமல் போயிருக்கும் என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு தோட்டத்து வக்கீலிடம், அந்தத் தாளை மரியபுஷ்பத்துக்கு யாராவது தமிழில் வாசித்துச் சொன்னார்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. உடனடித் தீர்ப்புக் கேட்ட மனு தள்ளுபடி ஆனது. முழு விசாரணை முடியும் வரை அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு. அப்புறம் விசாரணை அதன் வழியில் நொண்டிக்கொண்டு போய், வீடு கணவருக்கு மட்டும் கொடுத்தது அல்ல, அவளும் அதே தோட்டத்துத் தொழிலாளி, தொழிலாளி என்ற முறையில் அவளுக்கே அங்கே இருக்க உரிமை உண்டு என்று வழக்கையே தள்ளினார்கள். அதுவரைக்கும் வக்கீலம்மாதான் நடத்தினார். எந்தப் பட்டியலிலும் பேர் இல்லாமல்.

எங்கள் அங்கீகாரமா? டைரக்டர் பயந்தபடியே நிறுத்திவைத்தார்கள். ஏழு மாசம். அந்த ஏழு மாசமும் அரசின் அந்த ஒரு பக்க விண்ணப்பத்தைக் கையால் எழுதி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி நேரில் போய்க் கொடுத்தோம். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் போன இடத்தில் புது முழுநேர வக்கீல்களின் முகம் பழக்கமானது, அதில் இரண்டு பேர் தங்கமானவர்கள் என்பதும் தெரிந்தது. ரிசார்ட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து எங்களுக்குத் தெரியாமல் போன விஷயம் இது. பிறகு அங்கீகாரமும் வந்தது. ஆண்டறிக்கையில் டைரக்டர் எழுதினார்: 'சீர்திருத்தச் சூழலில் பொறுப்புடைமையை நம் மையம் துணிவுடன் முன்னெடுத்தது.' துணிவு என்று அவர் சொன்னது, கட்டத்தில் இடம் இல்லை என்று நான் கோர்ட்டில் சொன்னதை.

புஷ்பம் என்னை மன்னித்தாளா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். மன்னிக்கவில்லை. அப்படி ஒரு காட்சி நடக்கவில்லை. நடந்தது வேறு.

இடைக்கால உத்தரவு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, அவள் ஏழு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்தாள். அதே லயத்து ஜனங்கள். ஒவ்வொருவர் கையிலும் தோட்டத்தார் அனுப்பிய நோட்டீஸ். எல்லாரையும் பெஞ்சிலும் தரையிலுமாக உட்கார வைத்தாள். நான் பழக்க தோஷத்தில் படிவக் கட்டை எடுத்தேன். 'பொருந்துமானால்' சேர்த்துத் திருத்தி அடித்த புதுப் படிவம், ஏழு பக்கம்.

அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அவர்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இவரு நல்லவருதான். ஆனா இவரு எந்தக் காயிதம் கேட்டாலும், என்ன கேள்வி கேட்டாலும், எதுக்குனு கேளுங்க. வெவரமாப் பதில் சொன்னா சொல்லுங்க. சொல்லலைனா எந்திரிச்சு வந்துருங்க."

ஆரம்பித்தேன். "மதம்?"

"எதுக்கு?" என்றார் முன்னால் இருந்த பெரியவர்.

யோசித்தேன். வீட்டைக் காப்பாற்ற மதம் எதற்கு? தெரியவில்லை. கேள்வியைக் கோடு போட்டு அடித்தேன்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீக?"

"எதுக்கு?"

அடித்தேன். வீட்டில் கழிப்பறை உண்டா? எதுக்கு. கல்யாணத் தேதி? எதுக்கு. எங்கள் மையத்தைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள்? ஒரு கிழவி, "பக்கத்து வீட்டுக்காரி மோசம்போனதக் கேட்டு" என்று பதில் சொன்னார். அதையும் அடித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மிஞ்சியவை ஐந்து கேள்விகள். உன் பேர் என்ன, எங்கே இருக்கிறாய், என்ன காகிதம் வந்திருக்கிறது, எந்தத் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டும், வேறு எதிலாவது கையெழுத்துப் போட்டாயா. தேதி மேலே வந்துவிட்டது. ஒரே பக்கத்தில் அடங்கியது. பாதித் தாள் காலியாகக் கிடந்தது.

டைரக்டர் வந்து, அடித்தல் திருத்தலோடு கிடந்த படிவத்தை எடுத்துப் பார்த்தார். அசந்துபோனார்.

"பிரமாதமா இருக்கே. யாரு ரிவைஸ் பண்ணினது, புது ஆலோசகரா?"

"இவங்கதான் சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கேமராவைத் தேடினார். "சவரி, இது பெரிய விஷயம். இவங்க எல்லாருக்கும் ஒரு பங்கேற்புச் சான்றிதழ் அடிச்சுக் குடுத்துரலாம்!"

மரியபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள்.